நீர்வரி வாளும் லாடக் கொல்லரும்

கொல்லுலை ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. ஏர்க்கொழுவைக் கூர் செய்யவும், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை பூட்டவும், அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கவும் மக்கள் அங்கே சென்றனர். ஆலைகள் பெருகிய பின்னர் அவ்வுலைகளுட் பல அவிந்தன. ஆயினும் கொல்லுத்தொழில் முற்றும் மறைந்துவிடவில்லை. பிழைப்புக்காக அன்றி, விருப்பத்துக்காக அதனைப் பயில்வோர் இப்பொழுது தோன்றியிருக்கின்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பலர் தம் வீட்டின் பின்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு, சிறு உலை ஒன்றை அமைத்து, ஓய்வு நேரங்களில் இரும்படிக்கின்றனர். பகலில் பள்ளியிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் கைகள் மாலையில் சம்மட்டியை ஏந்துகின்றன.

இவர்களுடைய கருவிகள் பெரும்பாலும் எளியவை. பழைய மோட்டார் வண்டியின் பிரேக் டிரம் உலைச்சட்டி ஆகிறது. தண்டவாளத் துண்டு ஒன்று அடைகல் ஆகிறது. சிறு மின்விசிறி துருத்தியின் வேலையைச் செய்கிறது. லாரியின் வில்பட்டையை வெட்டி எடுத்தால் கத்திக்கு ஏற்ற எஃகு கிடைத்துவிடுகிறது. இரும்புக் கம்பியை ஒரு கோலில் சுற்றி, வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோத்து, இடைக்கால வீரர் அணிந்த சங்கிலிச் சட்டையைப் பின்னுவோரும் இவர்களுள் உளர். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். பொறுமையும் அவ்வளவு வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ட தலைச்சீராவையும் மார்புக் கவசத்தையும் இரும்புத் தகட்டில் அடித்து எடுப்போரும் உண்டு.

உலைக்களத்திற் புகுந்தவன் முதலிற் கற்க வேண்டுவது அடிப்பதை அன்று, நிறம் பார்ப்பதை. சூடேறும் இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு செந்நிறமாகும், பின்னர்ச் செம்மஞ்சளாகி, மஞ்சளாகி, இறுதியில் வெண்மை கொண்டு பொறி கக்கும். எந்த நிறத்தில் அடித்தால் இரும்பு வளையும், எந்த நிறத்தில் அடித்தால் வெடிக்கும் என்பதைக் கண்ணே சொல்ல வேண்டும். வெயிலில் இந்நிறங்கள் ஏமாற்றும். ஆதலால் கொல்லுலைகளை அரையிருளில் வைப்பது வழக்கம்.

இவ்வாறு பழம்படைகளைத் தம் கையால் மீண்டும் செய்து பார்த்த இவர்களுக்கு ஒரு வாள் மட்டும் நெடுங்காலம் பிடிபடாமல் நின்றது. அதுவே டமாஸ்கஸ் வாள். அதன் கதை சிரியா நாட்டின் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் வழங்கினும், அதன் தொடக்கம் தென்னாட்டு மூசையில் இருக்கிறது.

டமாஸ்கஸ் வாளின் அடையாளம் அதன் அலகில் ஓடும் வரி. கரிய நிலத்தில் வெண்மையான மெல்லிய கோடுகள் நெளிந்து செல்லும். ஆற்று மணலில் நீர் வரைந்துவிட்டுப் போன கோடுகள் போன்று அவை தோன்றும். இக்கோடுகள் மேலே பூசியவையோ செதுக்கியவையோ அல்ல. அலகைத் தேய்த்தால் அவை அழிவதில்லை. மீண்டும் மெருகிட்டு அமிலம் தடவினால் முன்போலவே எழுகின்றன. அவை எஃகின் உள்ளேயே உள்ளன. சிலுவைப் போர்க் காலத்தில் இவ்வாள்களைக் கண்ட ஐரோப்பியர் வியந்தனர் என்பர். வால்டர் ஸ்காட் 1825-இல் வெளியிட்ட 'தி டாலிஸ்மன்' என்னும் புதினத்தில், சலாதீன் தன் வாளால் மெல்லிய பட்டை இரண்டாக அரிந்து காட்டுவதாக ஒரு காட்சி வருகிறது. அது கதை, வரலாறு அன்று. ஆனால் அந்த வாளின் புகழ் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அக்கதை சான்றாகிறது.

அவ்வாள்களுக்கு வேண்டிய எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்து சென்றது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிண்டி வாள்களைப் பற்றித் தனி நூல் எழுதியவர். அவர் சரந்தீபம் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் அதில் குறிப்பிடுகின்றார். தெலுங்கானத்துக் கோனசமுத்திரம் என்னும் ஊரில் எஃகு வாங்குவதற்காகப் பாரசீக வணிகர் வந்து தங்கியிருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்சி என்னும் ஆங்கிலேயர் கண்டு எழுதினார். ஐரோப்பியர் இவ்வெஃகை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். கன்னடத்தில் 'உக்கு' என்றும் தமிழில் 'உருக்கு' என்றும் வழங்கும் சொல்லே அவர்கள் வாயில் இவ்வாறு திரிந்தது என்று கருதுவர்.

தமிழ்நாட்டில் இத்தொழில் நடந்த இடங்கள் சில மண்ணுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டுள்ளன. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில், 1980-களில் தொடங்கிய அகழாய்வில் இரும்புத் தொழில் நடந்த உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. முன்னைத் தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகளின் குவியலைச் சாரதா சீனிவாசன் என்னும் ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். பார்ப்பவர்க்கு அவை கருகிய ஓட்டுச் சில்லுகளே. ஆனால் அச்சில்லுகளின் உட்புறத்தே உருகிய எஃகு பட்ட தடம் இருந்தது.

அம்மூசைகளில் எஃகு செய்த முறை நுட்பமானது. சேலம் பகுதியில் அது நடந்ததை, 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்னும் ஆங்கிலேயர் விரிவாக எழுதியிருக்கிறார். மண்ணோடு உமியைப் பிசைந்து சிறு மூசை செய்வார்கள். தேனிரும்பை நறுக்கி, ஏறக்குறைய ஓர் இராத்தல் அளவு அதில் இடுவார்கள். சிறு துண்டுகளாக வெட்டிய உலர்ந்த ஆவாரங்கட்டையை அதனோடு சேர்ப்பார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை இலைகளை மூடுவார்கள். எருக்கிலை பெரும்பாலும் அதற்குப் பயன்பட்டது. பிறகு மூசையின் வாயைப் பிசைந்த மண்ணால் இறுக அடைத்து உலர்த்துவார்கள். இவ்வாறு ஆயத்தமான இருபது அல்லது இருபத்து நான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, மேலும் கீழும் அடுப்புக்கரி கொட்டி, துருத்தியை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓயாமல் ஊதுவார்கள்.

கட்டையும் இலையும் எதற்கு? தூய இரும்பு உருக வேண்டுமானால் 1,538 பாகை வெப்பம் வேண்டும். மண்ணுலையும் தோல்துருத்தியும் கொண்டு அவ்வெப்பத்தை எட்டுதல் அரிது. ஆனால் மூசைக்குள் அடைபட்ட கட்டையும் இலையும் கரிந்து, அவற்றின் கார்பன் இரும்பினுட் புகுகிறது. கார்பன் புகப்புக இரும்பு உருகும் வெப்பநிலை தாழ்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கார்பன் ஏறிய இரும்பு அந்த உலையின் வெப்பத்திற்கே இளகி நீராகிவிடும். வெளிக்காற்று புகாமையால் உள்ளே சென்ற கார்பன் எரிந்து வீணாவதும் இல்லை. வேதியியல் என்ற பெயரையே கேளாத மக்கள் இதனைச் செய்துவந்தனர்.

மூசை ஆறிய பின் அதனை உடைத்தால், அடியில் தட்டையான சிறு கட்டி ஒன்று கிடைக்கும். கட்டியின் மேற்புறத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர்போன்ற கோடுகள் ஓடியிருந்தால் எஃகு நன்றாக உருகியது என்று கொள்வார்கள். துளையும் மேடுபள்ளமும் இருந்தால் அது பழுது. கதிர்க்கோடு நல்லது என்று கொல்லன் அறிந்திருந்தான். அது ஏன் தோன்றுகிறது என்பதை அறிந்தானல்லன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கட்டிகள் சில இலண்டனுக்குச் சென்றன. 1795-இல் பியர்சன் என்பவர் அவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் மைக்கேல் பாரடே இவ்வாராய்ச்சியில் இறங்கினார். மின்னியலில் பெரும்புகழ் பெற்ற அப்பாரடே ஒரு கொல்லரின் மைந்தர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஸ்டோடார்ட் என்னும் கருவி செய்வோரோடு சேர்ந்து, 1820-க்கும் 1822-க்கும் இடையில் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து பார்த்தார். ஊட்சின் மறை அவருக்கு வெளிப்படவில்லை. ஆனால் கலப்பெஃகு என்னும் புதிய ஆராய்ச்சிக்கு அம்முயற்சி வழி திறந்தது. பிரான்சு நாட்டில் பிரெயான் என்பவர் வரிகளுக்குக் காரணம் மிகுதியான கார்பனே என்று கண்டார். உருசிய நாட்டு யூரல் மலைப்பகுதியில் அனோசவ் என்னும் பொறியாளர் பல்லாண்டு உழைத்து வரியுள்ள எஃகைச் செய்து, 1841-இல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார்.

ஐரோப்பியக் கொல்லர் பலருக்கோ இந்த எஃகு அடிக்கவே வரவில்லை. தம் நாட்டு இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகியவர்கள் இதனையும் அவ்வாறே சூடேற்றி அடித்தார்கள். கட்டி பொடிந்து சிதறியது. கார்பன் மிகுந்த எஃகைச் செந்நிறச் சூட்டிலேயே, மெல்ல மெல்ல, பலமுறை சூடேற்றி அடிக்க வேண்டும் என்பதைப் பாரசீகத்துக் கொல்லனும் இந்தியக் கொல்லனும் அறிந்திருந்தனர். கட்டி மட்டும் கடல் கடந்து சென்றது. அதனை அடிக்கும் கை அதனோடு செல்லவில்லை.

இதற்கிடையில் மூலநாட்டிலேயே கலை தேயத் தொடங்கியது. சிறந்த வரியுள்ள வாள்கள் 1750-ஐ ஒட்டியே அரிதாகிவிட்டன என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் அவை செய்யப்பட்டிருத்தல் அரிது என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். வாளினும் துப்பாக்கி மேலோங்கியது. ஆங்கில நாட்டு ஆலை இரும்பு மலிவாக வந்து குவிந்தது. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் படைக்கலம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தால் காட்டில் கரி சுடுவதும் முன்போல் எளிதாக இல்லை. கொல்லர் பிள்ளைகள் வேறு தொழில் தேடினர். தந்தை வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் மகனுக்குத் தந்துவந்த கலைக்கு ஏடில்லை. ஒரு தலைமுறை கல்லாது விட்டால் அடுத்த தலைமுறைக்கு அதனைக் கேட்டறியவும் ஆளில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயரால் ஒரு குழப்பமும் ஏற்பட்டது. 1973-இல் வில்லியம் மொரன் என்னும் அமெரிக்கக் கத்திக் கொல்லர், இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, உலைச்சூட்டில் ஒட்ட அடித்து, மடித்து மடித்து மீண்டும் அடித்துச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். அவற்றிலும் வரிகள் இருந்தன. அக்கத்திகளுக்கும் 'டமாஸ்கஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்று வீட்டு உலைகளில் செய்யப்படும் 'டமாஸ்கஸ்' கத்திகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. இஃது அழகிய வேலை, பழமையான வேலையுங்கூட. ஆனால் மூசையில் உருகிப் பிறந்த எஃகின் வரி வேறு. தகடுகளை ஒட்டிப் பெற்ற வரி வேறு. முன்னது எஃகு தானே வரைந்துகொண்டது. பின்னது கொல்லன் அடுக்கிவைத்தது.

பழைய வரியை மீண்டும் காண முயன்றவர்களுள் ஆல்பிரட் பெண்ட்ரே என்பவர் தனியே குறிக்கத்தக்கவர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். கத்தியும் வாளும் செய்வதில் அவருக்கு ஆராக் காதல் இருந்தது. தம் பட்டறையிலேயே எரிவாயு உலை அமைத்து, மூசையில் எஃகு உருக்கி, கட்டி வார்த்து, அதனைச் செந்நிறச் சூட்டில் அடித்து அலகாக்கிப் பார்த்தார். மூசையில் அவர் இட்டவற்றைக் கேட்டால் சேலத்துக் கொல்லர் வியந்திருக்கமாட்டார்: இரும்பு, கரி, உருகி மேலே மூடிக்கொள்ளக் கண்ணாடித் துண்டுகள், அவற்றின் மேல் பச்சை இலைகள்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஜான் வெர்ஹோவன் அவரோடு சேர்ந்துகொண்டார். ஒருவரிடம் நுண்ணோக்கி இருந்தது. மற்றவரிடம் கைத்திறன் இருந்தது. பேராசிரியர் தம் ஆய்வுக்கூடத்தில் எண்ணியதை லாடக் கொல்லர் தம் உலையிற் செய்து காட்டினார். ஆனால் ஒரு புதிர் அவர்களை மறித்தது. தூய இரும்பும் கரியும் மட்டும் கொண்டு வார்த்த கட்டியை எவ்வளவு கருத்தாக அடித்தாலும் நல்ல வரி எழவில்லை. சோரல் இரும்பு என்னும் ஒருவகை இரும்பைச் சேர்த்து வார்த்த கட்டியிலோ வரி அழகாக எழுந்தது. அது கனடா நாட்டுக் கியூபெக் பகுதியின் தாதுவிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டுக்கும் உலை ஒன்றே, கை ஒன்றே, அடித்த முறையும் ஒன்றே.

வேறுபாட்டைத் தேடியபோது, சோரல் இரும்பில் வனேடியம் என்னும் உலோகம் மிகச் சிறிதளவு கலந்திருப்பது தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் சோக்கே என்பவர் 1924-இல் ஆராய்ந்த பழைய வாள்கள் சிலவற்றின் துண்டுகள் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருந்தன. பழைய வாளை அறுத்துப் பார்ப்பது வருத்தம் தரும் செயலே. ஆயினும் அன்று அறுக்கப்பட்டமையால் இன்று ஓர் உண்மை வெளிப்பட்டது. அத்துண்டுகளிலும் வனேடியம் போன்ற உலோகங்கள் சிறிதளவு இருந்தன. 0.01 விழுக்காட்டுக்கும் குறைவான வனேடியமே வரியை எழுப்பப் போதும் என்று இருவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர்.

அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு பெரிய வேலையைச் செய்வது எவ்வாறு? உருகிய எஃகு மெல்ல உறையும்போது, அதனுள்ளே படிகங்கள் மரக்கிளைபோல் கிளைத்து வளர்கின்றன. மூசைக்கட்டியின் மேல் தெரியும் கதிர்க்கோடுகளும் இவ்வளர்ச்சியின் தடங்களே. கிளைகள் முன்னே உறையும். கிளைகளுக்கு இடைப்பட்ட நீர்மம் பின்னே உறையும். வனேடியம் கிளைகளில் அதிகம் சேராமல் அவ்விடைவெளிகளில் ஒதுங்குகிறது. கட்டியை அடித்து நீட்டும்போது இடைவெளிகள் நசுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகள் ஆகின்றன. இரும்பும் கார்பனும் கூடிய செமென்டைட்டு என்னும் கடினமான துகள்கள் வனேடியம் உள்ள அவ்வடுக்குகளை நாடி வளர்கின்றன. ஒருமுறை சூடேற்றி அடித்தால் இது நிகழாது. செந்நிறம் வரை சூடேற்றுவதும் ஆற அடிப்பதும் மாறி மாறி நடக்கும்போது, மற்ற இடங்களிலுள்ள சிறு துகள்கள் கரைந்து மறைய, அடுக்குகளில் உள்ளவை மேலும் பருக்கின்றன. சூடு மிஞ்சினால் துகள்கள் யாவும் கரைந்துபோகும், வரியும் போய்விடும். பழங்கொல்லன் வெண்சூட்டை அஞ்சியதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. அலகை மெருகிட்டு மென்மையான அமிலத்தில் நனைத்தால் செமென்டைட்டு வெளுத்தும், சுற்றியுள்ள எஃகு கறுத்தும் தோன்றும். அதுவே நீர்வரி.

சில பாரசீக வாள்களில் ஏணிப்படிபோல் குறுக்குக் கோடுகளும் ரோசாப்பூப் போன்ற வட்டங்களும் காணப்படும். இவற்றையும் பெண்ட்ரே செய்து காட்டினார். அலகு முடியுமுன் அதன்மேல் குறுக்கே சிறு பள்ளங்கள் வெட்டி, பின்னர் அடித்துச் சமப்படுத்தினால், உள்ளிருக்கும் அடுக்குகள் அவ்விடங்களில் வளைந்து படிப்படியாகத் தெரிகின்றன. வட்டமாகக் குடைந்தால் பூ மலர்கிறது.

கலை மறைந்ததற்கு ஆயுதச் சட்டத்தையும் ஆலை இரும்பையும் மட்டுமே காரணமாகக் கூறுதல் போதாது என்று இவ்விருவரும் கருதினர். வனேடியம் கலந்த தாது தீர்ந்திருக்கலாம். அல்லது வேறு சுரங்கத்துத் தாது வந்திருக்கலாம். அப்பொழுது ஒரு முதிய கொல்லர் எப்போதும்போல் அடித்திருப்பார், வரி எழுந்திராது. தம் கை தவறியதோ, உலை தவறியதோ என்று மயங்கியிருப்பார். மகனுக்குக் கற்பிக்க அவரிடம் முறை இருந்திருக்கும், பயன் இருந்திராது. இஃது ஊகமேயெனினும், கலைமறைவை விளக்கும் ஊகங்களுள் இதுவே அந்த உலையின் அருகே நெருங்கி நிற்கிறது.

மூசை எஃகை வார்க்கும் வீட்டுக் கொல்லர்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். வேலை எளிதன்று. ஈரம் பட்ட மூசை வெடிக்கும். சூடு தாளாத மூசை விரிசல் விட்டால் உருகிய எஃகு உலையின் அடியில் ஒழுகிவிடும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், உடலுக்குத் தோலாடையும், அருகே உலர்ந்த மணலும் இன்றி அறிந்தவர் எவரும் அவ்வேலையைத் தொடுவதில்லை. உருக்கி முடித்தவுடன் மூசையை வெளியே எடுப்பதும் இல்லை. உலையை அடைத்து, அதன் உள்ளேயே மெல்ல ஆறவிடுகின்றனர். பின்னர் ஆறிய மூசையைச் சுத்தியலால் உடைத்து, மேலே உறைந்த கண்ணாடியைத் தட்டி உதிர்த்து, உள்ளிருந்த கட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கின்றனர். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர்க்கோடுகள் ஓடியிருந்தால் அதனை அடைகல்லுக்குக் கொண்டு செல்கின்றனர். துளை தெரிந்தால், இரும்பும் கரியும் புதிதாய் நிறுத்துப் போட்டு, இலை பறிக்கச் செல்கின்றனர்.